தணிகாசலம் வரகுக்கு மாறினார்

'நாங்க மாறிட்டோம்' என்று சொல்லும் மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பு யாராவது அப்படிச் சொன்னால் வீடு மாறினார்களா, கட்சி மாறினார்களா என்று கேட்க வேண்டியிருந்தது. இப்போது கேட்கத் தேவையில்லை. அரிசியிலிருந்து மாறியிருப்பார். அல்லது சர்க்கரையிலிருந்து, மைதாவிலிருந்து, பாக்கெட் எண்ணெயிலிருந்து. பெரும்பாலும் எல்லாவற்றிலிருந்தும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாறியிருப்பார்.

இந்த வகையை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் உங்கள் தட்டைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. காபி கொடுத்தால் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, போட்டிருப்பது வெள்ளைச் சர்க்கரையா, நாட்டுச் சர்க்கரையா என்று விசாரிப்பார். வெள்ளை என்றால் முகம் வாடிவிடும். வாடிய முகத்தோடு முழுவதையும் குடிப்பார். கல்யாணப் பந்தியில் இலையில் விழும் ஒவ்வொன்றும் உடம்பில் எந்த உறுப்பைப் போய்ப் பிடிக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்கிக்கொண்டே சாப்பிடுவார். பாயசம் இரண்டாம் முறை வரும்போது மட்டும் பேச்சை நிறுத்திக் கையைக் காட்டுவார். அவருடைய பாட்டனார் கேழ்வரகுக் களி தின்று தொண்ணூற்றாறு வயது வாழ்ந்தவர். இந்த வகையைச் சேர்ந்த எல்லோருடைய பாட்டனாரும் அப்படித்தான். நாற்பது வயதில் போன பாட்டனார்கள் யாருக்குப் பாட்டனார்களாக இருந்தார்களோ, தெரியவில்லை.

இதெல்லாம் சில்லறை அடையாளங்கள். முக்கியமானது அந்த 'நாங்க'. இவர் ஒருபோதும் 'நான் மாறிட்டேன்' என்று சொல்வதில்லை. அந்த 'நாங்க'வுக்குள் எத்தனை பேர் அடக்கம், அவர்களை யார் கேட்டார்கள்? எனக்கும் ரொம்ப நாள் தெரியாமல்தான் இருந்தது. எதிர் வீட்டில் குடியிருந்ததால் தெரிந்துகொண்டேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர் வீடு தணிகாசலத்தினுடையது. வயது ஐம்பத்து மூன்று. வீட்டுக்குள்ளேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவர். கை சுத்தம், வாக்கு சுத்தம், யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். மனைவி வள்ளி வீட்டு வேலையோடு தறி வேலையும் பார்ப்பவர். ஊடு நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றித் தர வேண்டும், அதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். அந்தத் தார் இல்லாவிட்டால் தறி ஓடாது. ஒரே பெண் கீர்த்தி, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸில் போனால் இரவு ஏழேகாலுக்குத்தான் தெருமுனையில் வந்து இறங்குவாள். ஏழரைக்கு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சிரிப்புச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

போன வருஷம் தெருமுனையில் நடந்த இலவச ரத்தப் பரிசோதனை முகாமில் தணிகாசலத்துக்குச் சர்க்கரை கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. டாக்டரம்மாவிடம் போனார். சோற்றைக் குறையுங்கள், தினம் நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார் அவர். மூன்றே விஷயம், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடலாம். அத்தனை சின்ன விஷயத்துக்காக மாறுகிறவரா தணிகாசலம்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில்வே ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாரம்பரிய உணவுக் கருத்தரங்கு நடந்தது. மதியச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்ததால் நானும் கூடப் போயிருந்தேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். தணிகாசலம் திருந்தி வந்தார். ஆட்டோவிலிருந்து ஒன்பது துணிப்பைகள் இறங்கின. சாமை, வரகு, தினை, குதிரைவாலி, கம்பு, கேழ்வரகு, கருப்புக் கவுனி, கொள்ளு. ஒன்பதாவது பையில் என்ன இருந்தது என்பது இன்று வரை யாருக்கும் விளங்கவில்லை.

பைகளைக் கூடத்தில் வரிசையாக வைத்து, வள்ளியையும் கீர்த்தியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, சம்பந்தி வீட்டாரை அறிமுகம் செய்வது போல ஒவ்வொன்றையும் அறிமுகம் செய்தார். இது எலும்புக்கு, இது நரம்புக்கு, இது கண்ணுக்கு. எல்லாம் கேட்டு முடித்த பிறகு வள்ளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதையெல்லாம் எப்படி ஆக்கறது?"

"அரிசி மாதிரிதான்" என்றார் தணிகாசலம்.

அவர் அதுவரைக்கும் அரிசி ஆக்கியதில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

வீட்டிலிருந்த பொன்னி அரிசி மூட்டை அன்று சாயங்காலமே எதிர் வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. விஷத்தை எனக்குக் கொடுக்கிறோமே என்ற தயக்கம் அவர் முகத்தில் இருந்தது, ஆனாலும் கொடுத்தார். மறுநாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டது. திங்கட்கிழமை காலை சாமை, மதியம் வரகு, ராத்திரி கம்பு. செவ்வாய் காலை தினை, மதியம் குதிரைவாலி, ராத்திரி கேழ்வரகு. இப்படியே ஏழு நாளுக்கு இருபத்தொரு கட்டம், ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் கிடையாது. கட்டங்களுக்கு வெளியே காலை ஆறு மணிக்கு நீராகாரம், பதினோரு மணிக்குக் கஷாயம், நாலு மணிக்குக் கொள்ளு ரசம்.

இந்த அட்டவணையை எழுத அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதை நிறைவேற்ற வள்ளிக்கு எவ்வளவு நேரம் ஆனது? விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, முந்தின நாள் ஊறப்போட்டதை வடித்து, மறுநாளைக்கு வேண்டியதை ஊறப்போட்டு, வரகில் கல் பொறுக்கி, சாமையில் உமி புடைத்து, கம்பைக் குத்தி, கொள்ளை வறுத்து, பஸ்ஸுக்கு ஓடும் பெண்ணுக்கு டப்பா கட்டிக் கொடுத்து, தறியில் உட்கார்ந்தவருக்குத் தார் சுற்றிக் கொடுத்து, இடையில் கஷாயம் பொங்கி வழிந்த அடுப்பைத் துடைத்து, திரும்ப வந்து மதியத்துக்கு உலை வைக்கும்போது, தறியிலிருந்து தணிகாசலம் குரல் கொடுப்பார், கல்சட்டியில்தானே வைக்கிறாய் என்று. அலுமினியத்தில் வைத்தால் எல்லாம் வீண்.

மிக்ஸியும் போய்விட்டது. மிக்ஸியின் சூட்டில் சத்து செத்துவிடுகிறதாம், போனில் ஒரு வீடியோவில் பார்த்தாராம். அதற்குப் பதிலாகத் திருகைக் கல் ஒன்று வந்தது. கையால் சுற்றி மாவு அரைக்கிற கல். அதைத் தூக்கி உள்ளே வைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. சுற்றுவதற்கு ஒரு ஆள் போதும், அந்த ஆள் வள்ளி.

தணிகாசலத்தைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவர் வஞ்சகம் இல்லாதவர். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அத்தனையும் செய்தார், அல்லது சொன்னார். தெருவில் யாரைப் பார்த்தாலும் மனம் நிறைந்து பேசுவார். "நாங்க மில்லட்டுக்கு மாறி நாலு மாசம் ஆவுதுபா. உடம்பு காத்து மாதிரி இருக்குது" என்பார். ஒருநாள் சின்ன காஞ்சிபுரத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி கிடைத்தது. மிளகும் சுக்கும் போட்டு வேகவைத்த அந்த இட்லியைக் கையில் பிடித்தபடி, பெருமாளே மைதா சாப்பிடுவதில்லை பாருங்கள் என்று எனக்குக் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னார். இட்லியில் அரிசி இருக்கிறதே என்றேன். அது பிரசாதம், பிரசாதம் உடம்பில் வேறு மாதிரி வேலை செய்யும் என்றார். சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மூன்று துண்டு சாப்பிட்டார்.

இப்படியே போயிருந்தால் கூடப் பரவாயில்லை. கவுனி அரிசியை நேரே விளைகிற இடத்திலேயே வாங்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. கூரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் குந்துநாதன் என்று ஒரு சமண விவசாயி. நயினார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு சனிக்கிழமை தணிகாசலம் வள்ளியை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். வழித்துணைக்கு நானும் என் வண்டியில் போனேன்.

நயினார் வயலைக் காட்டினார், களத்தைக் காட்டினார். தணிகாசலம் வயலைப் பார்த்தபடியே கவுனி அரிசியின் மகிமைகளை அதைப் பயிரிடுகிறவருக்கே விளக்கினார். நயினார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மதியம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நயினாரின் மனைவி மதனவதி இலை போட்டார். இலையில் விழுந்தது வெள்ளை வெளேரென்ற சோறு.

தணிகாசலம் சோற்றைப் பார்த்தார், நயினாரைப் பார்த்தார். கவுனி இல்லையா என்று மெல்லக் கேட்டார்.

"வாரத்துல ஒருதபா கஞ்சி வெப்போம்பா. தெனம் துன்னா யாரு மெல்றது? சோத்தக் கொஞ்சமா வெச்சுக்கினு கீரைய நெறைய வெச்சுக்கோ, அவ்ளோதான்" என்றார் நயினார். சொன்னபடியே அவர் இலையில் சோறு ஒரு கரண்டியும், முருங்கைக் கீரையும் பூசணிக் கூட்டும் மலை மாதிரியும் இருந்தன.

சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்த்துக்கொள்ளும்படி தணிகாசலம் அவர்களுக்கு யோசனை சொன்னார். தேனைத் தாங்கள் தொடுவதில்லை, கிழங்கும் தொடுவதில்லை என்று மதனவதி சொன்னார். அதற்கு ஒரு மாற்று யோசனை இல்லாததால் தணிகாசலம் கீரையில் இறங்கினார். அந்த இடைவெளியில் மதனவதி வள்ளியின் கையைப் பார்த்துவிட்டு, மணிக்கட்டு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். திருகை சுற்றுவதால் இருக்கும் என்றார் வள்ளி. மதனவதி எழுந்து போய் வலிக்கு ஒரு தைலப் புட்டி கொண்டுவந்து வள்ளியின் பையில் வைத்தார். தணிகாசலத்தை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை தணிகாசலத்தின் மேல் படவில்லை, அவர் கீரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிராமத்திலிருந்து நீங்களும் நானும் என்ன கற்றுக்கொண்டு திரும்புவோம்? சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டலாம் என்று திரும்புவோம். தணிகாசலம் கற்றுக்கொண்டது வேறு. விடைபெறும்போது, நீங்கள் ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று நயினாரைக் கேட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம், அது எங்கள் மார்க்கம் என்றார் அவர். ஊர் வந்து சேரும் வரைக்கும் தணிகாசலத்தின் கண்ணில் அந்த வாக்கியம் மினுங்கிக்கொண்டே வந்தது.

மறுநாள் அட்டவணையில் புதிய வரி ஏறியது. ராத்திரிச் சாப்பாடு என்று இனி கிடையாது. மாலை ஐந்தரை மணிக்குச் சாப்பாடு. நயினார் வீட்டில் அது தலைமுறை தலைமுறையாக வந்த நியமம். அவர்கள் வீட்டில் எல்லோரும் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தார்கள். தணிகாசலம் வீட்டில் ஐந்தரை மணிக்குக் கீர்த்தி ஒரகடத்தில் இருந்தாள்.

அன்று முதல் ஏழரை மணிச் சிரிப்பு நின்றுபோனது. பெண் வந்து இறங்கும்போது அப்பா சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். வள்ளி பக்கத்தில் உட்காருவார், ஆனால் அவரும் ஐந்தரைக்கே சாப்பிட்டிருப்பார், அதுதான் சட்டம். ஆறிப்போன கம்பஞ்சோறு களிமண் கட்டி மாதிரி ஆகிவிடும், உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு வாரம் கீர்த்தி பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் ஒருநாள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"ப்பா, பஸ்ல தனியா வரேன், கம்பெனியில மிஷினு முன்னால தனியா நிக்கிறேன். வூட்லயும் தனியாத்தான் சாப்டணுமா?"

தணிகாசலம் கல்லீரலைப் பற்றிப் பதில் சொன்னார். சூரியன் மறைந்த பிறகு அது தூங்கப் போய்விடுமாம். கீர்த்தி கேட்டுக்கொண்டாள், எழுந்து தட்டைக் கழுவினாள், உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாதது நல்லதற்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வள்ளியின் கை ஐந்தாவது மாதத்தில் நின்றுபோனது. ஒரு காலையில் கட்டைவிரலை மடக்க முடியவில்லை. மணிக்கட்டு வீங்கிப் பளபளவென்று இருந்தது. டம்ளரைத் தூக்கினால் நழுவியது. அதே டாக்டரம்மாவிடம் போனார்கள். ஆட்டோ பிடித்துக் கொடுக்கப் போனவன் கூடவே ஏறிக்கொண்டேன், தணிகாசலம் அன்று அவ்வளவு பயந்து போயிருந்தார். டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வள்ளி சொல்ல ஆரம்பித்தார். புடைப்பது, குத்துவது, அரைப்பது, தார் சுற்றுவது என்று ஒவ்வொன்றாக, எந்தப் புகாரும் இல்லாமல், கடைக்குச் சாமான் சொல்வது மாதிரி சொன்னார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான்தாம்மா எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கறேன்" என்றார் தணிகாசலம்.

சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். மூன்று வாரம் கைக்கு எந்த வேலையும் கூடாது, அப்படியும் சரியாகாவிட்டால் ஊசியோ, சின்ன ஆபரேஷனோ தேவைப்படும் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டு வள்ளி பயப்படவில்லை. தணிகாசலத்துக்குத்தான் நெற்றியில் வியர்த்தது.

வெளியில் வாங்கிச் சாப்பிடலாம் என்று நான் சொன்னேன். ஐந்து மாதமாக ஓட்டல் எண்ணெயைப் பற்றித் தெரு முழுக்கப் பேசியவர் எந்த முகத்தோடு பார்சலுக்குப் போய் நிற்பார்? அவரே அடுப்படிக்குள் போனார்.

முதல் நாள் வரகு. எப்படி ஆக்குவது என்று வள்ளியைக் கேட்டார். அரிசி மாதிரிதான் என்று வள்ளி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனாலும் கல் பொறுக்க மறந்துபோய், அன்று மதியம் மூன்று வாயில் இரண்டு முறை பல் கடகடத்தது. இரண்டாம் நாள் கொள்ளு. ஊறப்போட வேண்டும் என்பது நினைவில்லை. குக்கர் பதினாலு விசில் அடித்ததை எங்கள் வீட்டில் எண்ணினோம், கொள்ளு அசையவில்லை. மூன்றாம் நாள் கேழ்வரகுக் களி கிண்டினார். கிண்டிய கரண்டி நட்டுக்குத்தலாக நின்றது, பிடுங்குவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். இதற்கு நடுவில் தறியும் நின்றுபோயிருந்தது. ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவுக்குள் போடத் தார் இல்லை, சுற்றித் தர ஆள் இல்லை. வேலைக்குப் பழகிய கை சும்மா இருக்க முடியாமல் அவரே தார் சுற்ற உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இந்த அமளியில் வேறொரு சங்கதியும் வெளியே வந்தது. நாலாம் நாள் கீர்த்தி வேலையிலிருந்து வந்து, டப்பாவை வைத்துவிட்டு, இன்று யார் சமையல் என்று ஸ்ரேயா கேட்கச் சொன்னாள் என்றாள். ஸ்ரேயா யார் என்று தணிகாசலம் கேட்டார். கீர்த்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தார். அப்புறம் கீர்த்தி உண்மையைச் சொல்லிவிட்டாள். ஸ்ரேயா கூட வேலை செய்கிற பெண். ஐந்து மாதமாகத் தினையையும் சாமையையும் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவள் அவள்தான். கீர்த்தி சாப்பிட்டது ஸ்ரேயா வீட்டு எலுமிச்சைச் சாதம். ஸ்ரேயா நாலு கிலோ இளைத்துவிட்டாளாம்.

தணிகாசலம் முகத்தில் கோபமும் பெருமையும் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றதைப் பார்த்தேன். கடைசியில், "நாலு கிலோவா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று கீர்த்தி குளிக்கப் போன பிறகு அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முறத்தில் வரகைப் பரப்பிக் கல் பொறுக்க உட்கார்ந்தார். வள்ளி கையில் கட்டோடு நாற்காலியில் இருந்தார். நான் அரிசி திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன், ஒரு படி போதும் என்று வள்ளிதான் சொல்லியனுப்பியிருந்தார். ரொம்ப நேரம் கல் பொறுக்கிவிட்டுத் தலையைத் தூக்காமலே தணிகாசலம் சொன்னார்.

"இவ்ளோ வேலைன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அதுக்கு ஒரு வீடியோ காட்டியிருப்பீங்க" என்றார் வள்ளி.

தணிகாசலம் ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். வள்ளி கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பேசினார். அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

"சாமையும் தெனையும் எனக்குப் புடிக்காம இல்ல. உங்க உடம்புக்குன்னா நான் வாணான்னா சொல்லப்போறேன்? மூணு வேளைக்கு மூணு தினுசு, அதான் முடியல. நீங்க தெருவுல நின்னுக்கினு நாங்க மாறிட்டோம், நாங்க மாறிட்டோம்னு சொல்லுவீங்க. நான் உள்ள இருந்து கேட்டுக்கினு இருப்பேன். நான் எப்ப சொன்னேன்னு யோசிப்பேன். புள்ள தனியா சாப்ட்டாளே, அன்னிக்குத்தான் எனக்கு மனசு வுட்டுப்போச்சு."

முறத்திலிருந்த கை நின்றது. தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. பிறகு எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த அட்டவணையைக் கிழிக்காமல், ஓரத்தைச் சுரண்டி, பட்டுத்துணியிலிருந்து பிசிறு எடுப்பது போல மெதுவாக உரித்தெடுத்தார். கதவில் பசை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. வரகு வெந்து இறங்கி, கீர்த்தி சாப்பிட வந்தபோது கூடத்தில் மூன்று தட்டு இருந்தது. கல் இல்லாத வரகு பாதி, நான் கொண்டுபோன பொன்னி பாதி, தண்ணீராக ஒரு கீரைக் குழம்பு. கல்லீரலின் தூக்கத்தைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. கீர்த்தி குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இதில் உப்பு என்று ஒன்று போடுவார்களே என்றாள். சிரிப்பு எங்கள் வீடு வரைக்கும் கேட்டதாக என் வீட்டில் சொன்னார்கள்.

வள்ளியின் கை ஆபரேஷன் இல்லாமலே சரியானது. மூன்று வாரம் ஐந்து வாரமாக நீண்டது, அதற்குள் தணிகாசலம் இரண்டு குழம்பும் ஒரு கூட்டும் நிஜமாகவே கற்றுக்கொண்டுவிட்டார். இப்போது அந்த வீட்டில் காலையில் கேழ்வரகோ கம்போ ஏதோ ஒரு கூழ், மதியம் கொஞ்சம் சோறும் நிறையக் கீரையும். தணிகாசலம் காலையில் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்க் கீரைக் கட்டோடு நடந்தே வருகிறார். மில்லட் வாரத்தில் மூன்று நாள், மிக்ஸியில் அரைத்தது. அதில் சத்து இருக்கிறதா, செத்துப்போனதா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு, மூன்று பேரும் சேர்ந்து, தணிகாசலம் சமையல்.

மறுபடியும் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை கோட்டுக்குக் கீழே வந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம், என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் வள்ளி சொல்லிவிட்டார்.

"சோத்தக் கொறச்சாரு, நடக்கறாரு, நேரத்துக்குச் சாப்புடறாரு."

அதைத்தானே நான் அப்போதே சொன்னேன் என்றார் டாக்டரம்மா.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் இந்த வகை மனிதர்கள் திருந்தினாலும் பேசாமல் திருந்த மாட்டார்கள். இரண்டு மாதமாகத் தணிகாசலம் டீக்கடையில் வேறொரு பேச்சு ஆரம்பித்திருக்கிறார். ஆண்பிள்ளைகள் அடுப்படிக்குள் போக வேண்டுமாம். குடும்பம் என்றால் அதுதானாம். கல் பொறுக்குவதில் எத்தனை முறை உண்டு, குழம்பு எந்தக் கொதியில் இறக்க வேண்டும், ஊறப்போடுவது எப்படி ஒரு தவம் என்று, சாயங்காலம் வேலை முடிந்து ஒரு டீ குடிக்க வந்த நெசவாளிகளை நிறுத்திவைத்துச் சொல்கிறார். அவர் வருவது தெரிந்தால் பாதி டீயோடு சைக்கிளில் ஏறிக்கொள்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். போன வாரம் வள்ளியிடம் சமையல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, ஒரு குழம்பு வைக்க வீட்டிலிருக்கிற பதினோரு பாத்திரமும் வேண்டியிருக்கிறது, அதுதான் என்றார். அந்தப் பதினோரு பாத்திரத்தையும் யார் கழுவுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஏதோ நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, நாம் ஏன் கெடுக்க வேண்டும்?

இவ்வளவு நேரம் தணிகாசலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை, நாங்கள் பேசி வைத்துத்தான் மாறினோம் என்று சொல்லப்போகிறீர்கள். நல்லது, நம்புகிறேன். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். இருந்த இடத்திலிருந்து எழுந்திருக்கக் கூடாது, உள்பக்கம் பார்த்து யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் கூடாது. நாளைக் காலைக்கு உங்கள் வீட்டில் இப்போது என்ன ஊறிக்கொண்டிருக்கிறது?

எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். கொண்டைக்கடலை.